ட்ரம்பெட் ரிசீவரைக் கடையும் முன் ஒரு சோதனை

தம்பி, மேல் ஸ்தாயியில் ட்ரம்பெட் சுரம் வழுக்குகிறது, தர்மபுரிப் பட்டறையில் ரிசீவரை, அதாவது வாய் வைத்து ஊதும் மவுத்பீஸ் செருகும் குழலை, உள்ளே கடைந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். போன பித்தளை திரும்ப வராது.

மவுத்பீஸ் முனைக்கும் உள்குழாய் தொடங்கும் இடத்துக்கும் நடுவே பெரும்பாலும் 3 மி.மீ. அளவில் ஓர் இடைவெளி இருக்கும். ரிசீவர் தேய்ந்தால் மவுத்பீஸ் ஆழமாக இறங்கி அது குறைந்துவிடும்; மேல் சுரம் வழுக்க அதுவே காரணமாக இருக்கலாம். கடைந்தால் இன்னும் இறங்கும்.

முதலில் மவுத்பீஸ் தண்டில் மெல்லிய தாளை ஒரு சுற்று சுற்றி ஊதுங்கள். தண்டின் சரிவு ஏறத்தாழ 20-க்கு 1; 0.1 மி.மீ. தாள் ஒரு சுற்றில் விட்டத்தை 0.2 மி.மீ. கூட்டும், அதனால் அதுவே மவுத்பீஸை 4 மி.மீ. வெளியே தள்ளிவிடும். சிகரெட் தாள்தான் சரி. ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் வெட்டுங்கள், ஏறினால் மவுத்பீஸ் ஆடும். அப்புறம் ட்யூனிங் ஸ்லைடை (சுருதி சேர்க்க நகர்த்தும் குழாயை) சற்று உள்ளே தள்ளிச் சுருதி சேருங்கள்.

காவேரிப்பட்டணம் மயானக் கொள்ளைக்கு முந்தின நாள் எனக்குத் தாளின் இரண்டாவது சுற்றில்தான் மேல் சட்ஜம் அசையாமல் நின்றது.