உள்ளூர் ஆம்ப்பா, வெளிநாட்டு ஆம்ப்பா?

அன்புள்ள ஐயா,

வீட்டில் பாட்டுக் கேட்க ஓர் ஆம்ப்ளிஃபயர் வாங்க வேண்டும். எங்கள் ஊரில் ஒருவர் அசெம்பிள் செய்து தருகிறார், 1000 வாட்ஸ் என்கிறார். அமெரிக்காவில் இருக்கும் மச்சானோ, "அதெல்லாம் வேண்டாம், வரும்போது நல்ல பிராண்டாக நானே கொண்டு வருகிறேன்" என்கிறார். காசு நம் ஊர்க்காரருக்கே போகட்டுமே என்று எனக்கு ஓர் ஆசை. என்ன சொல்கிறீர்கள்?

எம்., ஈரோடு

அன்புள்ள எம்.,

ஆசை சரிதான். ஆனால் அந்த உள்ளூர் ஆம்ப்பின் மூடியைத் திறந்தால் டிரான்சிஸ்டரில் ஜப்பான் கம்பெனி பெயர் இருக்கும், போர்டு பல சமயம் சீனாவிலிருந்து வந்ததாக இருக்கும். டிரான்ஸ்பார்மர், பெட்டி, வயரிங் இவைதான் நம்முடையவை. அந்தப் பக்கம் பார்த்தால், ஜப்பானின் யமஹா 2019 முதல் சென்னைக்குப் பக்கத்திலேயே கீபோர்டும் கிதாரும் செய்கிறது. எது உள்ளூர், எது வெளியூர்? நான் பார்ப்பது ஒன்றைத்தான்: ரிப்பேர் ஆனால் யார் கையில் கொடுப்பேன்?

அப்படிப் பார்த்தால் ஆம்ப்புக்கு என் ஓட்டு உங்கள் ஊர்க்காரருக்கே. சர்க்யூட் அவருக்கு மனப்பாடம். ஐசி போனால் சாயங்காலத்துக்குள் மாற்றிவிடுவார். பிராண்ட் ஆம்ப்பில் முழு போர்டையும் மாற்றச் சொல்வார்கள், மாடல் பழையதென்றால் போர்டே கிடைக்காது. மச்சான் கொண்டு வருவதில் இன்னொரு வில்லங்கம்: அங்கே 120 வோல்ட், இங்கே 230. அங்கத்திய மாடலை நேராகச் சொருகினால் புகைதான். வோல்டேஜைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் ஒன்றை வாங்கிக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும், வாரண்டியும் பெரும்பாலும் இங்கே செல்லாது. ஹெட்போன் என்றால் அவரையே கொண்டு வரச் சொல்லியிருப்பேன்.

அப்புறம் அந்த 1000 வாட்ஸ். அதை நம்பாதீர்கள், அவரிடம் சண்டைக்கும் போகாதீர்கள். என்ன டிரான்ஸ்பார்மர் போடுகிறார் என்று மட்டும் கேளுங்கள். 24-0-24 (நடுவிலிருந்து இரு பக்கமும் 24 வோல்ட், மொத்தம் 48), 5 ஆம்பியர் என்றால் 48-ஐ 5-ஆல் பெருக்குங்கள்: 240 வாட்ஸ். அதிலும் பாதிக்குச் சற்று மேல்தான் ஸ்பீக்கருக்குப் போகும், மீதி ஹீட் சிங்க் என்ற சூடு தணிக்கும் அலுமினியத் துண்டில் சூடாகக் கழியும். ஆக 140 வாட்ஸ் சொச்சம். வீட்டு ஹாலுக்கு அதுவே தாராளம். காப்பரில் சுற்றியதா அலுமினியத்தில் சுற்றியதா என்றும் கேட்டுவிடுங்கள்; காசை மிச்சம் பிடிக்க அலுமினியம் சுற்றுகிறவர்கள் உண்டு. இந்த ஆம்ப்புகளில் போடும் தோஷிபாவின் 5200, 1943 என்ற டிரான்சிஸ்டர் ஜோடியிலும் போலி நிறைய. ஒரிஜினல் போட அவர் கொஞ்சம் கூடக் கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள்.

பணம் கொடுக்கும் முன், எந்தப் பாட்டும் ஓடாமல் வால்யூமைப் பாதி ஏற்றி ஸ்பீக்கர் பக்கத்தில் காதை வையுங்கள். 'ம்ம்ம்' என்று ஹம் கேட்டால் கிரவுண்ட் வயரிங்கில்தான் முதல் சந்தேகம். நாளைக்கு வாங்க என்பார். ஒரு டீ சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து சரிசெய்து வாங்கிக்கொள்ளுங்கள்.