ஜெர்மனியில் காலி பாட்டிலுக்குக் காசு கிடைப்பது எப்படி?

காசு கடைக்காரர்கள் தருவதில்லை. நீங்கள் முன்பே கொடுத்த பணம்தான் திரும்பி வருகிறது. ‘ஃபாண்ட்’ எனப்படும் இந்த முன்பணம், ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் கேனுக்கும் 25 சென்ட். 2003-இல் கட்டாயமானது. கழுவி மீண்டும் நிரப்பும் பீர் பாட்டிலுக்குப் பெரும்பாலும் 8 சென்ட்தான்.

சூப்பர் மார்க்கெட்டில் உள்ள இயந்திரத்தின் வட்டத் துவாரத்தில் பாட்டிலைப் படுக்கவைத்தால், அது சுழற்றிப் பார்த்து பார்கோடைப் படிக்கும். முன்கூட்டியே நசுக்கிவிடாதீர்கள், கோடு கசங்கினால் துப்பிவிடும்! கடைசியில் வரும் சீட்டைக் கல்லாவில் நீட்டினால் பில்லில் கழித்துக்கொள்வார்கள், அல்லது ரொக்கமாகத் தருவார்கள்.

ஒயின் பாட்டிலுக்கு முன்பணம் கிடையாது. அதைக் கண்ணாடிக் கழிவுக்கான தொட்டியில் போட வேண்டியதுதான்.

25 சென்ட் முன்பணம் உள்ள பாட்டில்களில் 95 விழுக்காட்டுக்கு மேல் திரும்பி வருகின்றன. சோம்பல்பட்டு வீசுவதையும் பொறுக்கி எடுக்க ஆள் உண்டு. அவர்களுக்காகவே பலர் பாட்டிலைக் குப்பைத்தொட்டிக்குள் போடாமல் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார்கள். ஏழ்மையும் இதில் ஒரு பல்சக்கரம் என்பதை மறைக்க முடியாது.

நம்மூரில் முடியாதா என்றால், நீலகிரியில் 2022 முதல் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்ததும் திருப்பித் தருகிறார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு வந்த ஏற்பாடு அது.