வாசகர் கேள்வி பதில்: நாயகன் திரும்பி வரும் வழி

கேள்வி: எழுத்துப் பட்டறை ஒன்றில் ‘நாயகனின் பயணம்’ என்ற கதையமைப்பைப் பன்னிரண்டு படிகளாகச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் எழுதிவரும் நாவலில் அவற்றுள் நான்கு இல்லை. நாவலைத் திருத்த வேண்டுமா?

பதில்: இல்லாத படிகளுக்காக ஒரு வரியையும் திருத்த வேண்டாம். பன்னிரண்டு என்பது ஹாலிவுட்டில் கதை ஆலோசகராக இருந்த கிறிஸ்டோபர் வோக்லர், திரைக்கதையாளர்களுக்காகச் சுருக்கிக்கொடுத்த கணக்கு. மூல நூலை 1949-இல் வெளியிட்ட ஜோசப் கேம்பெல் காட்டியவை பதினேழு கட்டங்கள். அவர் கதை எழுதக் கற்றுக்கொடுக்க வந்தவரும் அல்லர். பல நாட்டுப் புராணங்களை அருகருகே வைத்துப் படித்து, புறப்பாடு, சோதனைகளின் வழியே பெறும் மாற்றம், திரும்புதல் என்ற மூன்று பகுதிகள் அவற்றில் மீண்டும் மீண்டும் வருவதைக் கண்டவர். பல கதைகள் இந்தச் சுற்றில் ஓரிரு கூறுகளை மட்டும் எடுத்துக்கொண்டு அவற்றையே பெரிதாக வளர்த்துச் செல்கின்றன என்பதை அவரே அந்த நூலில் எழுதியிருக்கிறார். பட்டறைகளில் இந்த வரி ஏனோ காதில் விழுவதில்லை.

என்னைக் கேட்டால், எத்தனை படிகள் இல்லை என்பதைவிட, இல்லாதவை எந்தப் பகுதியைச் சேர்ந்தவை என்று பாருங்கள். அழைப்பு வந்ததும் நாயகன் தயங்குவதையும், வழிகாட்டி ஒருவர் எதிர்ப்படுவதையும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, திரும்பி வருவதை ஒரே பத்தியில் முடித்துவிடும் கைப்பிரதிகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். பழங்கிரேக்கக் கவிஞர் ஹோமரின் ஒடிசி காவியத்தில் மொத்தம் 24 காண்டங்கள். அதன் நாயகன் ஒடிசியஸ் தன் ஊரான இத்தாக்கா மண்ணில் கால்வைப்பது 13-ஆம் காண்டத்தில். எஞ்சிய பாதிக் காவியமும் ஊர் வந்து சேர்ந்தவன் தன் வீட்டுக்குள் மறுபடியும் தனக்குரிய இடத்தைப் பெறுவதைப் பற்றியது.

பழைய மெசொப்பொத்தேமியாவின் கில்கமெஷ் காவியத்தில் இது இன்னும் நுட்பமாக நிகழ்கிறது. இளமையை மீட்டுத் தரும் செடியை நீருக்கடியிலிருந்து பறித்துக்கொண்டு வரும் மன்னன் கில்கமெஷ், வழியில் ஒரு குளத்தில் குளிக்க இறங்குகிறான். மணம் பிடித்து வந்த பாம்பு செடியைக் கவ்விக்கொண்டு, போகிற போக்கில் தோலை உரித்துவிட்டுப் போகிறது. அவன் உட்கார்ந்து அழுகிறான். பிறகு வெறுங்கையோடு தன் உருக் நகருக்கு வந்து, உடன் வந்த படகோட்டியிடம், மதில்மேல் ஏறி நடந்து அதன் அடித்தளத்தையும் செங்கல் வேலையையும் பார் என்கிறான். காவியத்தின் தொடக்கத்தில் வாசகருக்குச் சொல்லப்பட்ட அதே வரிகள்தாம் இவை. ஆனால் இப்போது, சாவைத் தவிர்க்க முடியாதென்று அறிந்துவந்த ஒருவன் அவற்றைச் சொல்கிறான். உங்கள் நாவலில் விடுபட்டது இப்படியொரு கட்டமானால், அதைப் பற்றி மட்டும் யோசியுங்கள்.

கேள்வி: ரஷ்ய அறிஞர் பிராப் சொன்னதும் இதுவும் ஒன்றா?

பதில்: இல்லை. விளாதிமிர் பிராப் 1928-இல் வெளியிட்ட ஆய்வு ரஷ்ய மாயக்கதைகளோடு நின்றுகொள்வது. அவற்றில் வரும் செயல்களை 31 ஆகப் பகுத்து, அவை வரும் வரிசையைச் சொல்வது. கேம்பெல் உளவியலின் துணையோடு உலகப் புராணங்கள் அனைத்துக்கும் பொருள் தேடினார். அந்த அகலத்தால் வேறுபாடுகள் மழுங்கிவிடுகின்றன என்று நாட்டாரியல் ஆய்வாளர்கள் குறை சொல்வதில் நியாயம் இருக்கிறது.

கேள்வி: நாயகன் திரும்பி வர மறுத்தால் கதை முறிந்துவிடாதா?

பதில்: முறியாது. திரும்ப மறுத்தலையும் கேம்பெல் ஒரு கட்டமாகவே வைத்திருக்கிறார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட கதை நமக்குத் தெரிந்த முசுகுந்தனுடையது. தேவர்களுக்காக நெடுங்காலம் போரிட்டுக் களைத்த அந்த அரசன் கேட்ட வரம் தூக்கம் மட்டுமே. குகைக்குள் உறங்குபவனைக் கண்ணன் என்றெண்ணி உதைத்து எழுப்பிய காலயவனன், கண்ணனைத் துரத்திவந்த பகைவன், முசுகுந்தனின் பார்வையிலேயே எரிந்துபோகிறான். கண்ணனைத் தரிசித்தபின் குகையைவிட்டு வெளியே வரும் முசுகுந்தன், தான் உறங்கிய யுகங்களில் மனிதர்கள் உருவத்தில் குறுகிப்போயிருப்பதைக் காண்கிறான். நாட்டுக்குத் திரும்பாமல் தவம் செய்ய மலையேறிவிடுகிறான். உங்கள் நாயகனும் அப்படி வெளியே வந்து எதைப் பார்த்தான் என்பதை எழுதுங்கள். அவன் திரும்பாததை வாசகர் ஏற்றுக்கொள்வார்.