லாரிக்கு டியூப்லெஸ் போட்டால் வேகம் கூடுமா?

கேள்வி: என்னிடம் பழைய ஆறு சக்கர லாரி ஒன்று ஓடுகிறது. 10.00-20 நைலான் டயர், லாக் ரிங் டிஸ்க் (டயரை ஓரத்தில் தனி வளையம் பிடிக்கும் சக்கரத் தட்டு). பெங்களூரிலிருந்து ஓசூர் வழியாகச் சேலத்துக்கு வாரம் மூன்று நடை. 295/80 டியூப்லெஸ் போட்டு, பின் ஹவுசிங்கையும் (பின் ஆக்சில் கூடு) பெரிதாக மாற்றினால் வேகமும் லோடும் கூடும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா அண்ணே?
- யஷ்வந்த்பூர் வாசகர்

பதில்: லோடு கூடும் என்பதை மறந்துவிடுங்கள் தம்பி. எவ்வளவு கெட்டியான ஹவுசிங் போட்டாலும் எடை மேடையில் ஆர்.சி.யில் பதிந்த எடையைத்தான் பார்ப்பார்கள். 2018-இல் நான்கு டயர் உள்ள ஒற்றை ஆக்சிலின் வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 ஆக உயர்த்தியது மத்திய அரசு, உங்கள் மெக்கானிக் அல்ல.

டயர் மாற்றுவதாலும் வேகம் கூடாது. இரண்டுக்கும் உயரம் ஏறக்குறைய ஒன்றுதான். வேகம் இருப்பது கிரவுன் பினியனில், அதாவது ஹவுசிங்குக்குள் சக்கரத்தைச் சுற்றவைக்கும் பல்சக்கர ஜோடியில். முதலில் இதைப் பாருங்கள்: முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, பின்னால் ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்குங்கள். அந்தச் சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றி, கியர்பாக்ஸிலிருந்து பின்னால் வரும் புரொப்பல்லர் ஷாஃப்டில் போட்ட சாக்பீஸ் கோடு எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். ஏழுக்குக் கொஞ்சம் குறைந்தால் உங்களுடையது 41/6 (கிரவுனில் 41 பல், பினியனில் 6) ஆக இருக்கலாம், ஆறுக்குக் கொஞ்சம் குறைந்தால் 41/7. டாப் கியர் நேரடி கியராக இருந்தால், 60 கி.மீ. வேகத்தில் முதலாவதில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,130 சுற்று கத்தும், இரண்டாவதில் சுமார் 1,830. 41/7-இல் டீசல் மிச்சம் என்று தோன்றும், ஆனால் சேலத்திலிருந்து லோடோடு திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் ஒரு கியர் முன்னாலேயே இறங்க வேண்டிவரும், போகிற வழியில் அதே கணவாயில் இறங்கும்போதும் எஞ்சின் பிடித்து நிறுத்துவது குறையும். அந்த இறக்கத்தில் என்னென்ன நடந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். உங்கள் ரூட்டுக்கு நான் 41/6-ஐ விடமாட்டேன். ஹவுசிங்கையே மாற்றுவதென்றால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு இருக்கிறது, ஆர்.டி.ஓ.விடம் கேட்காமல் தொடாதீர்கள், எஃப்.சி.யில் (தகுதிச் சான்று சோதனை) மாட்டுவீர்கள்.

டியூப்லெஸ் மட்டும் போடுங்கள், நல்ல முடிவு. லாக் ரிங் காற்றடிக்கும்போது தெறித்து ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிளந்ததைக் கலாசிபாளையத்தில் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். டியூப்லெஸ்ஸில் அந்த வளையமே கிடையாது. ஆனால் ஜே.சி. ரோட்டில் டிஸ்க் வாங்கும்போது ஸ்டட் (சக்கர போல்ட்) எண்ணிக்கை ஒத்துப்போனால் போதும் என்று நினைக்காதீர்கள். நடு ஓட்டை ஹப்பில் சரியாக உட்காருகிறதா, நட்டு டிஸ்கின் வகைக்கு ஏற்றதா, வால்வு பிரேக் டிரம்மில் இடிக்கிறதா என்று ஒன்றை மாட்டிச் சுற்றிப் பாருங்கள். புது டயர் ஏறக்குறைய இரண்டு செ.மீ. அகலம் கூடுதல். ஆஃப்செட் (ஜோடி டயர்களின் இடைவெளியைத் தீர்மானிக்கும் டிஸ்கின் குழிவு) தப்பினால் பின் ஜோடி டயர்கள் லோடில் பிதுங்கி ஒன்றோடொன்று உரசி, சூடேறி, கிருஷ்ணகிரி தாண்டுவதற்குள் வெடிக்கும்.

கணக்குப் போடும்போது ஆறு என்று போடாதீர்கள். ஸ்டெப்னியோடு ஏழு.