மின்சாரத்தை நிறுத்தினால் மேசை இறங்குகிறது: பால் ஸ்க்ரூவை மாற்ற வேண்டுமா?

கேள்வி: சிறிய தூக்கு மேசை ஒன்று செய்திருக்கிறேன். மேல்தட்டும் பொருளும் சேர்ந்து 40 கிலோ. பத்து வினாடியில் 300 மி.மீ. ஏற வேண்டும். 16 மி.மீ. விட்டம், 5 மி.மீ. லீடு (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) உள்ள பால் ஸ்க்ரூவை (புரியில் குண்டுகள் உருளும் திருகு) நீமா 23 அளவு ஸ்டெப்பர் மோட்டாரில் (படிப்படியாகச் சுழலும் மோட்டார்) நேரடியாகக் கப்ளிங் போட்டு இணைத்தேன். ஏறுவதில் குறையே இல்லை. ஆனால் மின்சாரத்தை நிறுத்தியதும் மேசை தானாக இறங்கிவிடுகிறது. லீட் ஸ்க்ரூவுக்கு (குண்டு இல்லாமல் நட் நேரடியாக உரசி நகரும் திருகு) மாறலாமா? ரேக்-பினியன் (பல் பட்டையும் பல் சக்கரமும்) போட்டால் நிற்குமா?

பதில்: உங்கள் ஸ்க்ரூவில் எந்தக் கோளாறும் இல்லை. நல்ல பால் ஸ்க்ரூ அப்படித்தான் நடந்துகொள்ளும். சுழற்சியைச் சிரமமில்லாமல் நேர்கோட்டு நகர்வாக மாற்றும் எந்த அமைப்பும், நேர்கோட்டில் தள்ளினால் அதே சுலபத்தில் சுழலவும் செய்யும். எனவே செங்குத்தாகச் சுமை தூக்கும் வேலையில், எவ்வளவு தூக்கும் என்பதற்கு முன்பாகவே ஒன்றைக் கேட்டுவிட வேண்டும்: மோட்டாரில் மின்சாரம் இல்லாதபோது சுமையை எது பிடித்திருக்கிறது? உங்கள் மேசையில் எதுவும் பிடித்திருக்கவில்லை. சுமை திருப்பித் தரும் டார்க் (முறுக்குவிசை) ஏறக்குறைய 0.29 நியூட்டன் மீட்டர். மின்சாரம் இல்லாத நீமா 23 மோட்டார் காந்தத்தின் பலத்தால் மட்டும் தரும் எதிர்ப்பு இதில் ஒரு சிறு பங்குதான்.

ரேக்-பினியனை இப்போதே ஒதுக்கிவிடலாம். மாட்யூல் (பல்லின் அளவு) 1, இருபது பல் பினியன் என்றால் ஒரு சுற்றுக்கு 63 மி.மீ. நகரும். 40 கிலோவைத் தூக்க 4 நியூட்டன் மீட்டர் வேண்டும், அதாவது கியர்பாக்ஸ் இல்லாமல் முடியாது. அதன் பிறகும் அது தானாக நிற்காது. பல மீட்டர் நீளத்துக்கு ஓட வேண்டிய இடத்தில் அதற்கு நிகரில்லை, 300 மி.மீ. தூக்கலுக்கு அது வேண்டாத சுமை. டைமிங் பெல்ட்டுக்கும் இதே தீர்ப்புதான்.

இனி லீட் ஸ்க்ரூ. புரியை ஸ்க்ரூவிலிருந்து பிரித்து விரித்தால் அது ஒரு சரிவுப் பாதை. லீடை, சராசரி விட்டத்தின் சுற்றளவால் வகுத்தால் சரிவின் அளவு கிடைக்கும். உங்கள் பால் ஸ்க்ரூவுக்கு அது சுமார் 0.097. 16 மி.மீ. விட்டம், 4 மி.மீ. பிட்ச் (அடுத்தடுத்த புரிகளின் இடைவெளி) உள்ள ஒற்றைப் புரி ட்ரெப்பீசாய்டல் ஸ்க்ரூவுக்கு (சரிவக வடிவப் புரி கொண்ட லீட் ஸ்க்ரூ) 0.091. சரிவில் பெரிய வித்தியாசம் இல்லை, பார்த்தீர்களா? வித்தியாசமெல்லாம் உராய்வில் இருக்கிறது. பால் ஸ்க்ரூவில் உருளும் குண்டுகளின் உராய்வு மிக அற்பம். எஃகு ஸ்க்ரூவும் வெண்கல நட்டும் கிரீஸுடன் உரசும்போது உராய்வுக் கெழு 0.1 முதல் 0.15 வரை வரும். புரியின் பக்கச்சாய்வு அதை இன்னும் சற்றே கூட்டும். சரிவைவிட உராய்வு அதிகமானால் சுமை இறங்காது.

ஆனால் 0.091-க்கும் 0.1-க்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்கிறது? கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. நன்றாகக் கிரீஸ் ஊறிய நட்டில், பக்கத்தில் வேறு இயந்திரம் அதிர்ந்துகொண்டிருந்தால், மேசை சிறிது சிறிதாக நழுவும். அதனால் 20 மி.மீ. விட்டம், 4 மி.மீ. பிட்ச் என்று போங்கள். சரிவு 0.071 ஆகக் குறையும், நிம்மதியாகத் தூங்கலாம்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பிட்ச் வேறு, லீடு வேறு. முப்பரிமாண அச்சு இயந்திரங்களில் வரும் 8 மி.மீ. ஸ்க்ரூக்களில் பல, 2 மி.மீ. பிட்ச் உள்ள நான்கு புரிகள் கொண்டவை. ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகரும், சரிவு 0.36. லீட் ஸ்க்ரூ என்று பெயர் இருந்தாலும் சுமையைத் தானாகப் பிடிக்காது.

பிடித்து நிற்பதற்கான விலையை உராய்வு வாங்காமல் விடாது. உங்கள் பால் ஸ்க்ரூ 90 சதவீதத் திறனில் 0.35 நியூட்டன் மீட்டரில் இந்தச் சுமையைத் தூக்குகிறது. நான் சொல்லும் லீட் ஸ்க்ரூவுக்கு, உராய்வை 0.15 என்று வைத்தால், 0.82 நியூட்டன் மீட்டர் வேண்டும், திறன் 31 சதவீதம்தான். பத்து வினாடியில் ஏற 12 வாட் வேலை நடக்கிறது, அதற்காக ஸ்க்ரூவுக்குள் 39 வாட் போகிறது. மீதி 27 வாட் நட்டிலேயே சூடாகிறது. நாளுக்குச் சில தடவை ஏற்றி இறக்கினால் இது ஒரு பொருட்டே அல்ல. இடைவிடாமல் ஓடினால் கிரீஸ் வறண்டு, நட் வேகமாகத் தேயும். கடையில் கிடைக்கும் மூடிய லீனியர் ஆக்சுவேட்டர்கள் பலவற்றில் ஓடும் நேரம் பத்து சதவீதம் என்று போட்டிருப்பதற்கு ஒரு காரணம் இதுவே.

மோட்டார் விஷயத்தில் லேபிளில் இருக்கும் ஹோல்டிங் டார்க்கை நம்பாதீர்கள், அது நிற்கும்போது கிடைப்பது. 4 மி.மீ. லீடில் பத்து வினாடி என்றால் நிமிடத்துக்கு 450 சுற்று. அந்த வேகத்தில் ஸ்டெப்பரின் டார்க் கணிசமாக விழுந்திருக்கும். தயாரிப்பாளர் தரும் வேகம்-டார்க் வரைபடத்தில் 450 சுற்றுக்கு நேரே, தேவையானதில் இரு மடங்காக, 1.6 நியூட்டன் மீட்டராவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டிரைவர் (மோட்டாருக்கு மின்சாரம் தரும் மின்னணுச் சுற்று) தாங்கும் வரை சப்ளை வோல்டேஜைக் கூட்டலாம். 24 வோல்ட்டுக்குப் பதில் 48 கொடுத்தால் சுருளில் கரண்ட் சீக்கிரம் ஏறும், டார்க் அதிக வேகம் வரை நிற்கும். அல்லது இருபது வினாடி பொறுத்துக்கொள்ளுங்கள். நான் அதைத்தான் செய்வேன்.

மேசை நாளெல்லாம் ஏறி இறங்க வேண்டுமென்றால் பதில் வேறு. பால் ஸ்க்ரூவை வைத்துக்கொண்டு, மின்சாரம் போனால் ஸ்பிரிங் அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஒன்றைச் சேருங்கள். 1 நியூட்டன் மீட்டர் பிரேக் தாராளம். மோட்டாரின் பின்புறத்தில் பிரேக் வைத்தும் விற்கிறார்கள், ஆனால் நடுவிலுள்ள கப்ளிங் வழுக்கினால் அந்தப் பிரேக் எதையும் பிடிக்காது. ஸ்க்ரூவின் தண்டிலேயே பூட்டுவது மேல். ஏற்றும்போது முதலில் மோட்டாருக்கு மின்சாரம், பிறகு பிரேக்கை விடுவிக்க வேண்டும். நிறுத்தும்போது பிரேக் பிடித்து முடித்த பிறகே மோட்டாரை அணைக்க வேண்டும். வரிசை மாறினால் ஒவ்வொரு தடவையும் மேசை ஒரு குதி குதிக்கும். அதுவரை தற்காலிகமாக, மின்சாரம் போனதும் மோட்டாரின் இரண்டு சுருள்களையும் டிரைவரிலிருந்து பிரித்து, தனித்தனியே ஷார்ட் செய்யும் ரிலே ஒன்றைப் போடலாம். மேசை நிற்காது, ஆனால் தடாலென விழாமல் மெதுவாக இறங்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று: நேரடிக் கப்ளிங் என்றீர்களே, ஸ்க்ரூவின் அடியில் த்ரஸ்ட் பேரிங் இருக்கிறதா? 400 நியூட்டன் சுமை கப்ளிங் வழியாக மோட்டார் தண்டின் மேல் அமர்ந்தால் அதன் பேரிங் சீக்கிரம் போய்விடும். ஒரு முனையில் அச்சுவிசையைத் தாங்கும் பேரிங்கைப் போட்டு, மறுமுனையை நீளவாக்கில் தளர்வாக விடுங்கள். அதேபோல் பக்கச்சுமையை ஸ்க்ரூ தாங்கக் கூடாது, கைடு ரெயில் தாங்க வேண்டும். சுமையின் மையம் ரெயிலிலிருந்து 150 மி.மீ. தள்ளி இருந்தால், ரெயிலில் நகரும் மேல் பிளாக்குக்கும் கீழ் பிளாக்குக்கும் இடையே குறைந்தது 75 மி.மீ. வேண்டும். வெண்கலப் புஷ் என்றால் இன்னும் கூடுதலாகவே விடுங்கள், இல்லையேல் திக்கித் திக்கி ஏறும். பேக்லாஷ் (நட்டுக்கும் புரிக்கும் இடையிலான தளர்வு) நீக்கும் இரட்டை நட்டுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். செங்குத்து மேசையில் சுமையே நட்டை எப்போதும் ஒரு பக்கமாக அழுத்தி வைத்திருக்கும்.

அந்தப் பணத்தில் ஒரு பாதுகாப்பு நட் வாங்குங்கள். சுமை தாங்கும் வெண்கல நட்டுக்குக் கீழே 1 மி.மீ. இடைவெளி விட்டு, சுமை ஏதும் ஏறாமல், தானாகச் சுழலாதபடி அதைப் பொருத்துங்கள். மேல் நட்டின் புரி தேயத் தேய அந்த இடைவெளி குறையும். ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) அவ்வப்போது நுழைத்துப் பாருங்கள். இடைவெளி மூடிவிட்டால் பிட்ச்சில் கால் பங்கு தேய்ந்துவிட்டது என்று பொருள், மேல் நட்டை அன்றே மாற்றிவிடுங்கள்.