இறந்த கணவர் பெயரில் உள்ள காரை அப்படியே விற்கலாமா?

கேள்வி: ஏற்காட்டில் வசிக்கிறேன். கணவர் காலமாகி இரண்டு மாதம் ஆகிறது. அவர் பெயரில் டிஎன் 54 பதிவு எண்ணில் ஒரு கார் இருக்கிறது. வங்கிக் கடன் கொஞ்சம் பாக்கி. சேலத்துப் புரோக்கர் ஒருவர், "விற்பனைப் படிவங்களான 29, 30-ல் அவர் கையெழுத்தை நீங்களே போட்டுக் கொடுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். மாமியாரும் திருமணமான மகளும் கல்லூரியில் படிக்கும் மகனும் உள்ளனர். உயில் இல்லை. கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடவே போடாதீர்கள் அம்மா. இறந்தவர் கையெழுத்தைப் போட்டு வண்டியை விற்றால் அது போலி ஆவணம். நாளை வழக்கு என்று வந்தால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

முதலில் ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்றிதழ்) உங்கள் பெயருக்கு மாற வேண்டும். அதன் பிறகு நீங்கள் விற்கலாம். மத்திய மோட்டார் வாகன விதி 56-ன்படி, இறப்பை 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்தால் மூன்று மாதம் வரை வண்டியை ஓட்டலாம். அந்த மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்றத்துக்குப் படிவம் 31-ல் விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்கு முதல் கெடு போய்விட்டது. இரண்டாவதையாவது விடாதீர்கள். சேலம் கிழக்கு அலுவலகத்தில் கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். இன்சூரன்ஸும் வழக்கமாக இறந்த நாளிலிருந்து மூன்று மாதம் வரையோ, பாலிசி முடியும் வரையோ, எது முந்தியதோ அதுவரைதான் செல்லும்.

பெயர் மாற்றத்துக்கு வேண்டியவற்றில் இழுத்தடிப்பது வாரிசுச் சான்றிதழ்தான். இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) விசாரணைக்குப் பிறகு ஏற்காடு தாசில்தார் வழங்குவார். ஆர்.சி., ஆதார், இறப்புச் சான்றிதழ் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று முன்பே பாருங்கள். ஒரு எழுத்து மாறினாலும் மனு திரும்பி வரும்.

நீங்கள் இந்துக் குடும்பம் என்றால், 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்களுக்கும் மாமியாருக்கும் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. மாமியாரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மகளுக்குத் திருமணம் ஆனதால் பங்கு போய்விடாது. மற்ற மூவரும் நோட்டரி முன் ஆட்சேபணை இல்லை என்று பிரமாணப் பத்திரம் தர வேண்டும். பெயர் மாற்றத்துக்குச் சம்மதிப்பது வேறு, விற்ற பணத்தில் பங்கை விட்டுக்கொடுப்பது வேறு. எது என்பதைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதுங்கள். பிற்காலத்தில் குடும்பத்தில் மனக்கசப்பு வராது. மகனுக்கு 18 வயது நிறையவில்லை என்றால் காப்பாளராக நீங்களே கையெழுத்திடலாம். கார் அசையும் சொத்து என்பதால், மைனரின் நிலத்தை விற்கத் தேவைப்படுவதுபோல இதற்கு நீதிமன்ற அனுமதி தேவையில்லை.

வங்கிப் பாக்கியைக் கட்டும் முன், கடனோடு ஆயுள் காப்பீடு சேர்த்திருந்தார்களா என்று கேளுங்கள். இருந்தால் பாக்கியை அதுவே அடைக்கக்கூடும். கடன் தீர்ந்ததும் வங்கியின் என்.ஓ.சி.யோடு (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) படிவம் 35 கொடுத்து ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை நீக்குங்கள்.

அதன் பிறகே படிவம் 29, 30. இவற்றை நிரப்பாமல் வெறுமனே கையெழுத்திட்டுத் தராதீர்கள். விற்ற 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. பெயர் மாறாமல் வண்டி விபத்தில் சிக்கினால், ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று நவீன் குமார் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. புரோக்கரிடம் ஆர்.டி.ஓ. அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் படிவம் 29சி வழியாக வண்டியை ஒப்படைக்கலாம். பெங்களூருக்காரர் போல வேறு மாநிலத்தவர் வாங்கினால் படிவம் 28-ல் ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி.யும் வேண்டும். கணவர் பெயரில் உள்ள ஃபாஸ்டேக்கையும் மறக்காமல் மூடிவிடுங்கள்.