பிடித்த படங்களை வைத்து ஒருவரின் குணத்தைச் சொல்லிவிட முடியுமா?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது இது: அவருக்குப் பிடித்த பத்துப் படங்களின் பட்டியலைப் பார்த்த நண்பர் ஒருவர், "எல்லாமே அழுகைப் படங்களாக இருக்கின்றனவே, உள்ளுக்குள் நீ சோகமான ஆள்" என்று தீர்ப்பு எழுதிவிட்டாராம். அது சரிதானா, பிடித்த படங்கள் நம் குணத்தைக் காட்டிக்கொடுத்துவிடுமா என்று கேட்கிறார்.

காட்டிக்கொடுக்கும். ஆனால் அந்த நண்பர் தேடிய இடத்தில் அது இல்லை. படத்தின் பெயரும் வகையும் சொல்வது கொஞ்சம்தான். அந்தப் படத்தில் எந்த இடத்தில் உங்கள் தொண்டை அடைத்தது, யாருக்காக அடைத்தது என்று கேட்டால்தான் ஆள் பிடிபடுவார்.

முதலில், இம்மாதிரித் தீர்ப்புகள் ஏன் சரியாக இருப்பதுபோலத் தோன்றுகின்றன என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1948-இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணத் தேர்வு வைத்தார். பிறகு ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, இது உங்களுடைய முடிவு, எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடுங்கள் என்றார். சராசரி 4.26 வந்தது. எல்லோருக்கும் கொடுக்கப்பட்டது ஒரே வாசகம்தான் என்பது அதற்குப் பிறகே அவர்களுக்குத் தெரிந்தது. அதிலிருந்த வாக்கியங்களை ஃபோரர் ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். "வெளியே உறுதியாகத் தெரிந்தாலும் உள்ளே கவலைப்படுகிறவர் நீங்கள்" என்று சொன்னால் இல்லை என்று மறுக்கிறவர் யார்? "உள்ளுக்குள் நீ சோகமான ஆள்" என்பதும் அதே இனம். சிரிப்புப் படங்களாகவே அடுக்கியிருந்தாலும் "உள்ளே இருக்கும் சோகத்தை மறைக்கச் சிரிக்கிறாய்" என்று அவர் சொல்லியிருக்க முடியும்.

அடுத்து, எந்தப் பட்டியலைப் பார்க்கிறோம் என்பது முக்கியம். ஒவ்வொருவரிடமும் குறைந்தது மூன்று பட்டியல்கள் இருக்கின்றன. பிறர் கேட்டால் சொல்வது ஒன்று. பார்க்க வேண்டும் என்று குறித்து வைத்திருப்பது இன்னொன்று. உண்மையில் திரும்பத் திரும்பப் பார்ப்பது மூன்றாவது. என்னை யாராவது கேட்டால் வாயில் முதலில் வருவது ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். பொய்யில்லை, அது எனக்குப் பிடித்த படம்தான். ஆனால் காய்ச்சலோடு படுத்திருக்கும் நாளில் நான் போட்டுப் பார்ப்பது ஆள்மாறாட்ட நகைச்சுவை. வசனம் எல்லாம் மனப்பாடம். இந்த இரண்டாவது தகவலைப் பட்டியலில் நான் எழுதுவதே இல்லை.

இது என் ஒருவனுடைய கதை அல்ல. டேனியல் ரீட், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், ஷோபனா கல்யாணராமன் ஆகியோர் 1999-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பங்கேற்றவர்களைப் படங்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். இன்றே பார்ப்பதற்கு என்றால் பலர் எளிதான கேளிக்கைப் படத்தை எடுத்தார்கள். சில நாள் கழித்துப் பார்ப்பதற்கு என்றால் கனமான, உயர்வான படங்கள் அதிகம் இடம்பிடித்தன. பத்து ஆண்டுகள் கழித்து, ஆஸ்திரேலியாவில் டிவிடி வாடகைக்கு எடுத்தவர்களின் பதிவுகளை வேறு மூவர் ஆராய்ந்தபோதும் அதே கதைதான். பார்த்தே ஆக வேண்டிய நல்ல படங்கள் வீட்டில் அதிக நாள் தங்கின. கேளிக்கைப் படங்கள் சீக்கிரம் பார்க்கப்பட்டுத் திரும்பின. ஆகவே ஒருவர் ஊரறியச் சொல்லும் பட்டியல், அவர் ஆக விரும்பும் மனிதரின் பட்டியல். அதுவும் ஒரு தகவல்தான், தள்ளிவிடக்கூடாது. ஒருவர் எப்படித் தோன்ற ஆசைப்படுகிறார் என்பதும் அவர் குணத்தில் ஒரு பகுதி அல்லவா?

மனநிலையும் குறுக்கே வரும். 1984-இல் ஜென்னிங்ஸ் பிரையன்ட், டால்ஃப் ஸில்மன் இருவரும் சிலரைச் சலிப்பூட்டும் வேலையிலும் சிலரைப் பதற்றமூட்டும் வேலையிலும் உட்கார வைத்துவிட்டு, பிறகு தொலைக்காட்சி முன் தனியாக விட்டார்கள். சலித்துப் போனவர்கள் பரபரப்பான நிகழ்ச்சியைத் தேடினார்கள். பதற்றத்தில் இருந்தவர்களுக்கு அமைதியானவையும் பிடித்தன. கடுமையான வேலை முடிந்து வந்து மென்மையான படம் பார்ப்பவரை மென்மையானவர் என்று முடிவு கட்டுவதில் உள்ள சிக்கல் இதுதான்.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. பிடித்த படம் எது என்று கேட்டால் பெரும்பாலோர் தங்கள் பதின்வயதிலோ இருபதுகளிலோ பார்த்ததைச் சொல்கிறார்கள். நினைவாற்றலை ஆராய்கிறவர்கள் பாட்டு, புத்தகம், படம் மூன்றிலும் இதைக் கண்டிருக்கிறார்கள். எனவே ஒரு பட்டியலைப் பார்த்ததும் முதலில் ஊகிக்க முடிவது குணத்தை அல்ல, பிறந்த ஆண்டை.

சரி, ஆய்வுகளில் குணத்துக்கும் ரசனைக்கும் தொடர்பே தெரியவில்லையா என்றால், தெரிகிறது. பீட்டர் ரென்ட்ஃப்ரோவும் அவருடைய சகாக்களும் 2011-இல் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பொழுதுபோக்கு விருப்பங்களை ஆராய்ந்து, அவற்றை ஐந்து தொகுதிகளாகப் பிரித்தார்கள்: குடும்பமும் உறவும் சார்ந்தவை, கலைநயம் மிக்கவை, இருண்டவை, பரபரப்பானவை, அறிவுக்கு வேலை கொடுப்பவை. புதிய அனுபவங்களில் நாட்டம் அதிகம் உள்ளவர்கள் கலைநயத் தொகுதியை நாடினார்கள். இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இப்படிப்பட்ட தொடர்புகள் ஆயிரம் பேரைச் சேர்த்து நிறுத்தினால் தெரிபவை. எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரை அளக்க அவை போதாது.

பேய்ப்பட ரசிகர்களுக்காக இங்கே கொஞ்சம் பரிந்து பேச வேண்டும். அவர்களைப் பற்றித்தான் அவதூறு அதிகம். ரத்தத்தை ரசிக்கிறவர், மனம் கல்லாகிப் போனவர் என்றெல்லாம் சொல்வார்கள். நான் பார்த்தவரை அவர்களில் பலர் பயந்த சுபாவம் உள்ளவர்கள். பயத்தைத் தங்கள் கட்டுப்பாட்டில், நிறுத்து பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, பழகிப் பார்க்கிறவர்கள். கால்டன் ஸ்க்ரிவ்னரும் மற்றவர்களும் 2021-இல் வெளியிட்ட ஆய்வு முன்னூற்றுச் சொச்சம் பேரைக் கேட்டு நடந்தது. கொரோனா பரவிய தொடக்க மாதங்களில் திகில் பட ரசிகர்களிடம் மன உளைச்சல் ஒப்பீட்டளவில் குறைவாக இருந்ததாக அது கண்டது. படம் பார்த்ததால்தான் அந்தத் தெம்பு வந்ததா, தெம்புள்ளவர்கள்தான் அத்தகைய படம் பார்க்கிறார்களா என்பது வேறு கேள்வி. எப்படியானாலும் கல்மனம் என்ற பழி அதில் நிற்கவில்லை.

இன்னொரு விஷயம், இது எனக்கு மிகவும் பிடித்தது. எல்லோருக்கும் பிடித்த படம் உங்களைப் பற்றி எதுவும் சொல்லாது. கோடிப் பேர் கொண்டாடிய படத்தை நீங்களும் கொண்டாடினால் அதிலிருந்து என்ன தெரிந்துகொள்வது? பாதிப் பேர் தலையில் வைத்து ஆடி, மீதிப் பேர் எரிச்சலோடு எழுந்துபோன படம் இருக்கிறதே, அதுதான் ஆளைப் பிரித்துக் காட்டும். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2006-இல், தன் பரிந்துரைக் கணிப்பைப் பத்து சதவீதம் மேம்படுத்துவோருக்குப் பத்து லட்சம் டாலர் என்று போட்டி அறிவித்தது. ஏறக்குறைய 4,80,000 சந்தாதாரர்கள் போட்ட பத்துக் கோடிக்கும் மேற்பட்ட மதிப்பெண்களை, பெயர்களை நீக்கிவிட்டு, போட்டியாளர்களிடம் கொடுத்தது. அந்தப் போட்டியாளர்களைத் திணறடித்த படங்களில் 'நெப்போலியன் டைனமைட்' புகழ்பெற்றது. ஒருவருக்கு அது பிடிக்குமா பிடிக்காதா என்பதை அவர் பார்த்த மற்றப் படங்களை வைத்து ஊகிப்பது அவ்வளவு கடினமாக இருந்தது.

அந்தத் தரவுக்கு இன்னொரு கதையும் உண்டு. அரவிந்த் நாராயணன், விட்டாலி ஷ்மாட்டிகோவ் என்ற இரு கணினி ஆய்வாளர்கள், ஒருவர் மதிப்பெண் போட்ட எட்டுப் படங்களும் அவற்றின் ஏறத்தாழச் சரியான தேதிகளும் தெரிந்தால் போதும், அந்த எட்டில் இரண்டு தவறாக இருந்தாலும்கூட, அந்தத் தரவில் 99 சதவீதம் பேரின் பதிவைத் தனியே கண்டுபிடித்துவிடலாம் என்று காட்டினார்கள். அதிகம் பேர் பார்க்காத படங்கள் கலந்திருந்தால் வேலை இன்னும் எளிது. 2009-இல் நெட்ஃபிளிக்ஸ் மீது வழக்குத் தொடர்ந்தவர்களில் ஒருவர், தன் பாலியல் நாட்டத்தை வெளிப்படையாகச் சொல்லாதிருந்த ஒரு தாய். தான் பார்த்த படங்களின் வழியே அது வெளியாகிவிடும் என்பது அவர் அச்சம். நிறுவனம் இரண்டாவது போட்டியை 2010-இல் கைவிட்டது. நீங்கள் எப்படிப்பட்டவர் என்று பட்டியல் சொல்லுமோ சொல்லாதோ, நீங்கள் யார் என்று சொல்லிவிடும். பொதுவெளியில் பட்டியல் போடும் பழக்கம் உள்ளவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இனி அழுகைப் படங்களுக்கு வருகிறேன். சோகப் படம் பிடிப்பதற்கும் சோகமாக இருப்பதற்கும் முடிச்சுப் போடுவது அவசரம். மேரி பெத் ஆலிவர் போன்ற ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக இதையே தோண்டி வருகிறார்கள். பிறர் துயரத்தைத் தம் துயரமாக உணரும் இயல்பு கூடுதலாக உள்ளவர்கள் இத்தகைய படங்களை அதிகம் விரும்புகிறார்கள் என்பதே அங்கே திரும்பத் திரும்பக் கிடைக்கும் செய்தி. அவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகக் கலங்குகிறார்கள். படத்தையும் அதிகமாக ரசிக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன.

ஆனால் இதுவும் பொதுப்படையானது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இதைவிட நுட்பமாகப் போகிறது. மெய்ப்பாடு, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சி, எட்டு என்று எண்ணிவிட்டு நிற்காமல், ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நந்நான்காகப் பிரிக்கிறது. அழுகை பிறக்கும் களங்கள்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இகழப்படுவது, இழப்பது, இருந்த நிலையிலிருந்து தாழ்வது, இல்லாமை. பிடித்த படத்தைப் பற்றிப் பேசும்போது இந்த நான்கையும் கையில் வைத்துக்கொண்டால் ஆச்சரியமான விஷயங்கள் தெரியவரும்.

ஒரே படத்தை நான்கு பேர் பார்த்துவிட்டு, நால்வரும் அழுதேன் என்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் அழுதது, மகன் பார்த்துக்கொண்டிருக்கும்போது தகப்பனை முதலாளி திட்டும் இடத்தில். இன்னொருவர் அங்கே கலங்கவே இல்லை, தகப்பன் இறக்கும் இடத்தில்தான் உடைந்தார். மூன்றாமவருக்கு, ஒரு காலத்தில் தன்னிடம் வேலை பார்த்தவனிடமே தகப்பன் வேலை கேட்டு நிற்பதைத் தாங்க முடியவில்லை. நான்காமவர், தாய் "நான் அப்போதே சாப்பிட்டுவிட்டேன்" என்று பொய் சொன்ன அரை நிமிடத்தில் அழுதுவிட்டு, மற்ற இடங்களில் சும்மா இருந்தார். நால்வர் பட்டியலிலும் படம் ஒன்றுதான், வகை ஒன்றுதான். ஆனால் மானத்துக்கு அஞ்சுபவரும் பிரிவுக்கு அஞ்சுபவரும் ஒரே குணக்காரர்கள் அல்லர். அவர்களோடு பழகும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும் என்பதும் வேறு வேறு.

மற்ற உணர்ச்சிகளுக்கும் இது செல்லும். பழிவாங்கும் படங்களையே விரும்பும் இருவரை எனக்குத் தெரியும். ஒருவருக்குப் பிடித்தது அடி விழும் இடம். மற்றவர் அடிதடி வந்ததும் ஆர்வம் இழந்துவிடுவார். அவருக்கு வேண்டியது அதற்கு முன்னால் வரும் பகுதி, பொறுமையாகத் திட்டம் போடுவது, எதிராளிக்குத் தெரியாமல் ஒவ்வொரு கதவாக மூடுவது. முதலாமவரோடு எனக்குச் சண்டை வந்திருக்கிறது, அடுத்த நாளே மறந்துவிட்டார். இரண்டாமவரோடு சண்டை போட எனக்குத் துணிச்சல் இல்லை.

எந்தக் காட்சியைப் பார்க்காமல் ஓட்டிவிடுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். பிடித்ததைவிட இது உண்மையானது, ஏனென்றால் இதில் பெருமையடித்துக்கொள்ள எதுவும் இல்லை. என் அத்தை கொலைக் காட்சியைக் கண் இமைக்காமல் பார்ப்பார். கதாபாத்திரம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு மாட்டிக்கொள்ளப் போகிறது என்று தெரிந்தால் மட்டும் எழுந்து போய்விடுவார், அது எவ்வளவு அற்பமான நகைச்சுவைப் பொய்யாக இருந்தாலும். பிறர் கூனிக் குறுகுவதைப் பார்க்க அவரால் முடியாது. வாழ்க்கையிலும் யாரையும் நாலு பேர் முன்னால் கேள்வி கேட்க மாட்டார். தனியே அழைத்துத்தான் கேட்பார்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஓர் எல்லையையும் சொல்ல வேண்டும். திரையில் எதற்கு உருகுகிறோம் என்பது நாம் எதற்கு ஏங்குகிறோம் என்பதைச் சொல்லும். எப்படி நடந்துகொள்கிறோம் என்பதைச் சொல்லாது. எனக்குத் தெரிந்த மேலதிகாரி ஒருவர் இருக்கிறார், அலுவலகமே அஞ்சும் ஆள். படங்களில் யாராவது யாரிடமாவது மன்னிப்புக் கேட்டால் போதும், கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். தவறு தன்னுடையதாக இருந்த நாளிலும் அவர் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. அதைத் தெரிந்துகொள்ள அவருடைய படப்பட்டியலைப் புரட்டிப் பயனில்லை, அவரிடம் வேலை பார்ப்பவர்களைத்தான் கேட்க வேண்டும்.